அஞ்சடியும் கிட்டங்கியும்
மலாயாச் சிறு பட்டணத்துக் கடைவீட்டின் வரலாறு

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தோட்டத்திலே தொடங்கித் தோட்டத்திலேயே முடித்துவிடுகின்றனர். கப்பல், கங்காணி, லயம், பால்மரம், கள்ளுக்கடை, தோட்டப் பள்ளி என அவ்வரலாறு ஒரு வேலிக்குள் அடங்கிவிடுகிறது. இவை யாவும் உண்மையே. ஆயினும், தோட்டத்து மண்சாலை எங்கே போய்ச் சேர்ந்தது என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்புவதில்லை. அஃது அருகிலிருந்த சிறு பட்டணத்தின் கடைத்தெருவில் போய்ச் சேர்ந்தது. அரிசியும் துணியும் வாங்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், நகையை அடகு வைக்கவும், கடிதம் எழுதுவிக்கவும் நம் முன்னோர் அச்சாலை வழியேதான் நடந்தனர். அங்கே அவர்களை வரவேற்ற கட்டடம் ஒரே மாதிரியானது: கீழே கடை, மேலே வீடு, முன்னே நடைவழி. அதனைக் கடைவீடு என்கிறோம்.

"தோட்டம் தமிழர் உழைத்தது, பட்டணம் சீனர் கட்டியது" என்று வகுத்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மாணவர்களும் அவ்வாறே எண்ணி வளர்கின்றனர். கடைவீட்டின் சுவரையும் முகப்பையும் உள்ளறையையும் சற்று ஊன்றி ஆராய்ந்தால் இவ்வகுப்பு நில்லாது. சீனத் தச்சரும் வணிகரும் அக்கட்டடத்திற்குச் செய்த பணி பெரிது, அதில் ஐயமில்லை. எனினும் ஆங்கிலேயர் சட்டமும், மலாய்ச் சொல்லும், தமிழர் சுண்ணாம்பும், தமிழர் முதலும் அதனுள் கலந்திருக்கின்றன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுவாக எல்லாப் பட்டணங்களுக்கும் பொருந்தும் செய்திகளைக் கூறி, இடையிடையே பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானையும் சிலாங்கூர் மாநிலத்துக் கோலகுபு பாருவையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கட்டடத்தின் அமைப்பு

கடைவீட்டின் முகப்பு குறுகியது, உடல் நீண்டது. அகலம் பெரும்பாலும் 16 முதல் 20 அடி வரை இருக்கும். நீளமோ 60 அடி முதல் 100 அடிக்கு மேலும் செல்லும். இவ்வளவு குறுகிய அகலத்திற்கு முதற்காரணம் மரம். மாடித் தளத்தையும் கூரையையும் தாங்கும் உத்தரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை நடுவே தூணின்றிக் கிடக்க வேண்டும். அதற்குத் தக்க நீளத்தில் உறுதியான மரம் எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவே கடையின் அகலமாயிற்று. தெருவை ஒட்டிய நிலம் விலை மிக்கதாகையால், குறைந்த முகப்பில் மிகுந்த கடைகள் அமைவதும் நிலவுடைமையாளர்க்கு ஆதாயமாயிற்று.

அடுத்தடுத்த இரண்டு கடைகளுக்கு இடையே நிற்பது ஒரே பொதுச்சுவர். ஆதலால் வரிசையில் உள்ள ஒரு கட்டடத்தை இடித்தால் பக்கத்திலுள்ளதும் தளர்ச்சியடையும். பக்கச் சுவர்களில் சன்னல் வைக்க இயலாமையின், நீண்ட வீட்டின் நடுவே கூரையின்றி ஒரு முற்றம் விடப்பட்டது. வெளிச்சமும் காற்றும் மழைநீரும் அதன் வழியே இறங்கின. தமிழ்நாட்டு முற்றத்து வீட்டில் வளர்ந்தவர்க்கு இது புதுமையன்று. தென்சீன வீட்டிலும் இவ்வமைப்பு உண்டு. வெப்ப நாட்டு மக்கள் தனித்தனியே கண்ட ஒரே விடை எனலாம்.

கட்டடத்தின் பின்புறம் சமையலறையும் கழிவறையும் இருந்தன. தொடக்கத்தில் பல வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டியே கட்டப்பட்டன. கழிவை வீட்டினுள்ளேயே சுமந்து முன்வாசல் வழியே வெளியேற்ற வேண்டியிருந்தது. 1907ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்த பேராசிரியர் சிம்சன் என்பார், வரிசைகளுக்குப் பின்னே சந்து திறக்கப்பட வேண்டும் என வற்புறுத்தினார். 1927இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர்ச் சீரமைப்புக் கழகம் அவ்வேலையை மேற்கொண்டது. மலாயாப் பட்டணங்களிலும் பின்சந்து பரவியது. இன்று நாம் குப்பைத் தொட்டிக்குரிய இடமாகக் கருதும் பின்சந்து, நோயைத் தடுக்கப் பிறந்த ஒரு சீர்திருத்தம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அஞ்சடி பிறந்த கதை

கடைவீட்டின் முன்னே, மாடியின் நிழலில், வரிசை முழுதும் தொடர்ந்து செல்லும் நடைவழியை மலாய் மொழியில் "காக்கி லீமா" என்பர். ஐந்து அடி என்பதே அதன் பொருள். நம்மவர் அதனை "அஞ்சடி" என்றே வழங்கினர். இந்நாட்டுத் தமிழுக்கே உரிய நல்ல சொற்களுள் இதுவும் ஒன்று.

அஞ்சடி வழக்கத்தால் தானே வளர்ந்ததன்று, ஆணையால் பிறந்தது. 1822ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் சிங்கப்பூர் நகர அமைப்புக் குழுவினருக்கு எழுதிய கட்டளையில், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகள் ஒரே வகையான முகப்புக் கொண்டிருக்க வேண்டுமென்றும், ஒவ்வொன்றின் முன்னும் குறிப்பிட்ட அகலத்தில் தாழ்வாரம் விடப்பட்டுத் தெருவின் இரு புறமும் இடையறாத திறந்த நடைவழியாக அமைய வேண்டுமென்றும் விதித்தார். வெயிலும் மழையும் மிக்க நாட்டில் நடந்து செல்வோர்க்கு நிழல் வேண்டும் என்பதே இதன் கருத்து. இவ்விதி நாளடைவில் பினாங்குக்கும் மலாக்காவுக்கும், பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. பெயர் ஐந்தடியேனும் அளவு இடத்திற்கு இடம் வேறுபடும். ஏழு அடிக்கு மேற்பட்ட அஞ்சடிகளும் உண்டு.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அஞ்சடியின் நிலம் கடைக்காரருடையது. நடக்கும் உரிமையோ பொதுமக்களுடையது. கடைக்காரர் தம் சரக்கை அங்கே பரப்பினர். சிறு வியாபாரிகள் அங்கே இடம் பிடித்தனர். நகராண்மைக் கழகம் அவற்றை அகற்ற முற்பட்டபோது, 1888ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் சிங்கப்பூரில் கடைகள் அடைக்கப்பட்டுப் பெருங்கலகமே மூண்டது. "தாழ்வாரக் கலகம்" என அது வரலாற்றில் குறிக்கப்படுகிறது. முடிவில், நடப்பதற்கு வழி விட்டு எஞ்சிய இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்னும் இணக்கமே நிலைத்தது.

அந்த எஞ்சிய இடத்தில்தான் முதலற்ற தமிழன் வாணிகத்தில் காலூன்றினான். வெற்றிலை பாக்குக் கடை, பூக்கடை, பணம் மாற்றுவோர் பெட்டி, பத்திரிகைக் கடை, நாவிதர் நாற்காலி, செருப்புத் தைப்பவர் பலகை, கிளி சோதிடர் கூண்டு ஆகியவற்றுக்கு ஒரு கடை முழுவதும் தேவையில்லை. இரண்டு முழ இடமும் மேலே ஒரு நிழலும் போதும். தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒருவன் கூலியாளாகவே இன்னொரு முதலாளியிடம் போகாமல், தன் காலில் நிற்கக் கிடைத்த முதற்படி இதுவே. சட்டம் வழிப்போக்கருக்காக அமைத்த நிழல் ஏழை வணிகனுக்கும் தொழில் தந்தது.

அத்தாப்பு போய்ச் செங்கல் வந்தது

மலாய் மாநிலங்களில் ஈயம் எடுக்கத் தோன்றிய பட்டணங்கள் முதலில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் அமைந்தவை. ஈயம் தீர்ந்தால் பட்டணமும் கலையும். ஆகவே நிலையாகக் கட்ட எவரும் நினைக்கவில்லை. நெருப்பே அவர்களை நினைக்கச் செய்தது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், பட்டணத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டுமாறு செய்தார். சீனத் தலைவர் காப்பித்தான் யாப் ஆ லோய் இப்பணியில் முன்னின்றார். செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் பெற்றது. பிற்காலத்தில் தமிழர் திரண்டு வாழும் பகுதியாக அது விளங்குவதை யாவரும் அறிவர்.

நெருப்பைப் பற்றிய கவலை சிறு பட்டணங்களிலும் இருந்தது. தெலுக் இந்தான் அதற்குச் சான்று. 1982ஆம் ஆண்டு வரை தெலுக் அன்சன் என அழைக்கப்பட்ட அவ்வூர், பேராக் ஆற்றங்கரைத் துறைமுகமாக வளர்ந்தது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து அதற்கு இருப்புப்பாதை வந்தது. கடைவீதிகளின் நடுவே 1885இல் லியோங் சூன் சோங் என்னும் ஒப்பந்தக்காரர் கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது. வெளியிலிருந்து காண்போர்க்கு எட்டு அடுக்காகத் தோன்றினும் உள்ளே இருப்பவை மூன்றே அடுக்குகள். பட்டணத்திற்கு வேண்டிய நீரைத் தேக்கி வைக்கும் தொட்டியையும், நேரம் காட்டும் கடிகாரத்தையும் அது ஒருங்கே தாங்கியது. மண் இளகியதால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட அதனைச் சாய்ந்த கோபுரம் என்று பார்த்துச் செல்வோர் பலர். அதனைச் சுற்றியுள்ள கடைகளுக்காகவே அது எழுந்தது என்பதை எண்ணுவோர் சிலரே.

கோலகுபுவின் வரலாறு இதனினும் துயரமானது. 1883இல் அங்கிருந்த அணை உடைந்து, மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். பின்னர் மேற்பகுதியில் நடந்த ஈயச் சுரங்க வேலையால் மணல் இறங்கி ஆற்றுப்படுகை உயர்ந்துகொண்டே வந்தது. வெள்ளத்திற்கு மேல் வெள்ளமாக வந்து பட்டணம் சேற்றில் புதையலாயிற்று. இறுதியில் அதனைக் கைவிட்டு மேட்டு நிலத்தில் புதிய பட்டணம் அமைக்க நேர்ந்தது. 1921இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் நகர அமைப்பாளராக வந்த சார்லஸ் ரீட் அதற்குத் தோட்ட நகர் என்னும் கருத்தில் திட்டம் வகுத்தார். புதிய பட்டணம் கோலகுபு பாரு என்னும் பெயருடன் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருப்பெற்றது. ஒழுங்காக நிற்கும் அதன் கடைவரிசைகளைக் காண்போர், அவ்வொழுங்குக்குப் பின்னே ஒரு பட்டணத்தின் அழிவு இருப்பதை உணர வேண்டும்.

சென்னைச் சுண்ணாம்பு

சுவருக்குச் செங்கல் மட்டும் போதாது, பூச்சும் வேண்டும். இவ்விடத்தில் தமிழரின் தொடர்பு ஐயத்திற்கிடமின்றி வெளிப்படுகிறது. நீரிணைக் குடியேற்றங்களின் தொடக்கக் கட்டடங்களை எழுப்பியோருள் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு அவர்கள் கொண்டுவரப்பட்டனர். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணத்தவரும் அவர்களில் இருந்தனர். சாலை அமைத்தனர், சதுப்பைத் தூர்த்தனர், செங்கல் அறுத்துச் சுட்டனர், கல் உடைத்தனர். 1873இல் சிங்கப்பூர்க் கைதிச் சிறை மூடப்படும் வரை இப்பணி நடந்தது. புனித ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் கைவண்ணமே.

அத்தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சைச் "சென்னைச் சுண்ணாம்பு" என ஆங்கிலேயர் பெயரிட்டு எழுதியுள்ளனர். கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் சேர்த்து நன்கு இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். கண்ணாடி போல் ஒளிரும் இப்பூச்சு, செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்க்கு நன்கு தெரிந்ததே. தன் ஊரில் கற்ற தொழிலைக் கால்விலங்குடன் வந்த ஒருவன் இந்நாட்டுச் சுவரில் விட்டுச் சென்றான். அவன் பெயர் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

எல்லாக் கடைவீடுகளிலும் முட்டையும் வெல்லமும் சேர்ந்த பூச்சு உண்டென்பது இதன் பொருளன்று. சாதாரணக் கடைகளுக்குச் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையே பூசப்பட்டது. ஆனால் இரண்டிலும் அடிப்படை சுண்ணாம்பே. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஏற்று மீண்டும் வெளியே விடும் இயல்புடையது. பழைய செங்கல் மென்மையானது. நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுவது. அதன்மேல் இக்காலச் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்துச் செங்கல் உதிர்கிறது. பழுது பார்ப்பதாக எண்ணிச் சிமெண்டு பூசியதாலேயே நலிந்த சுவர்கள் பல.

முகப்பில் எழுதிய ஆண்டு

கடைவீட்டு முகப்பின் உச்சியில் பெரும்பாலும் ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். 1908, 1914, 1926, 1929, 1938 என்பன போன்ற அவ்வெண்களைத் தோட்டத்து வரலாற்றோடு ஒப்பு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும்.

1877இல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பார் வாணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். மோட்டார் வண்டி பெருகவே 1910ஆம் ஆண்டில் ஓர் இராத்தல் ரப்பர் இலண்டன் சந்தையில் 12 சில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. முதல் உலகப் போருக்குப்பின் 1920இல் விலை சரிந்தது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. 1925இல் விலை மீண்டும் உச்சிக்குச் சென்றது. 1928இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் 1932இல் ஓர் இராத்தல் 2 பென்சு அளவுக்கு வீழ்ந்தது. 1934இல் அனைத்து நாட்டு ஒப்பந்தம் ஏற்பட்ட பின்னரே நிலை சீர்பட்டது.

ரப்பர் விலை ஏறியபோது கடைத்தெருவில் புதுக் கட்டடம் எழுந்தது. முதலிரு பத்தாண்டுகளில் எழுந்தவை பூவேலையும் கொடியும் தூண்தலையும் மிக்க முகப்புக் கொண்டவை. 1930களில் எழுந்தவை நேர்க்கோடும் சிமெண்டுத் தளமும் கொடிக்கம்பமும் கொண்டு எளிமையானவை. இரண்டுக்கும் இடையே மந்தத்தின் ஆண்டுகள் இருக்கின்றன. அதே ஆண்டுகளில் தோட்டத்தில் கூலி குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். முகப்பிலே அழகாகப் பொறிக்கப்பட்ட ஆண்டுக்குப் பின்னே, விடியுமுன் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவியவனின் உழைப்பு இருக்கிறது. ஆகவே, பட்டணம் கட்டியதில் தோட்டத்தானுக்குப் பங்கில்லை என்று கூறுதல் பொருந்தாது.

கிட்டங்கி

இனிக் கட்டடத்தினுள் நுழைவோம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், பினாங்குத் தெருவிலும், கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும், சிறு பட்டணங்கள் பலவற்றிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் தொழில் நடத்திய கடைவீட்டுக்குக் கிட்டங்கி என்று பெயர். கிடங்கு என்னும் நம் சொல்லோடும், மலாய் மொழியின் "கூடாங்" என்பதோடும், ஆங்கிலேயர் வழங்கிய "கோடவுன்" என்பதோடும் இஃது உறவுடையது. கடல் வாணிகம் ஒரு சொல்லைத் துறைதோறும் கொண்டு சென்றதற்கு இது நல்ல சான்று.

நகரத்தார் 1820களிலேயே நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்துவிட்டனர். 1857இல் பினாங்குத் தண்ணீர்மலையிலும், 1859இல் சிங்கப்பூர்த் தேங்குச் சாலையிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். அவர்கள் தொழில் நடத்திய பட்டணங்களில் கோயிலும் கிட்டங்கியும் இணையாக வளர்ந்தன. தெலுக் இந்தானில் நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலின் சித்திராப் பௌர்ணமி விழா இன்றும் சிறப்பாக நடைபெறுகிறது. ஒரு காலத்தில் அவ்வூர்க் கடைத்தெருவில் தமிழரின் முதல் எவ்வளவு புழங்கியது என்பதற்கு அவ்விழாவே சாட்சி.

கிட்டங்கியின் உட்புறம் வியப்பானது. நீண்ட கூடம், இடையே சுவரில்லை. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் உரியது தரையில் சில அடி இடமே. சாய்வான மூடியுள்ள ஒரு கைப்பெட்டி முன்னே, இரும்புப் பெட்டி அல்லது அலமாரி பின்னே, நடுவே பாயில் சம்மணமிட்டமர்ந்து கணக்கெழுதுவோர். பக்கத்திலேயே போட்டி நிறுவனத்தார் அமர்ந்திருப்பர். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். இரவில் அவ்விடத்திலேயே படுக்கை. பின்கட்டில் பொதுச் சமையல். சுவரால் காக்கப்படாத தொழில் நாணயத்தால் காக்கப்பட்டது. கடன் கேட்டு வந்தவன் எப்படிப்பட்டவன் என்னும் செய்தியும் அக்கூடத்தில் எளிதாகப் பரவியது; அதுவும் ஒரு காப்பே.

முதலாளி ஊரிலிருப்பார். இங்கே தொழில் நடத்துபவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்றாண்டுத் தவணைக்கு வந்த மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். தொழில் பழக வந்த சிறுவன் பெட்டியடிப் பையன். பையனாக வந்தவன் மேலாளாகி, பின் தானே முதலாளியாவதும் உண்டு. பற்று வரவு தவறாத பேரேடு, நடப்பு வட்டி, தவணை வட்டி, ஆண்டு முடிவில் ஐந்தொகை என அவர்கள் கணக்கு முறை முழுமையும் தமிழிலேயே இயங்கியது. பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் அப்பேரேடுகளில் ஈயச் சுரங்கமும் ரப்பர்க் காணியும் கடைவீடும் தமிழ் எழுத்தில் பதிவாயின. பாடநூலில் நாம் காணும் தமிழுக்கு அப்பால், வெள்ளியையும் காசையும் ஆண்ட தமிழும் இந்நாட்டில் இருந்தது. ஆசிரியர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கடைத்தெருவில் தமிழர் என்றால் நகரத்தார் மட்டும் அல்லர். துணிக்கடையும் மளிகைக்கடையும் உணவுக்கடையும் நடத்திய தமிழ் முசுலிம்கள், நகை செய்த பத்தர்கள், தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த எழுத்தர்கள் ஆகிய அனைவருக்கும் கடைவீட்டின் கீழ்த்தளமோ மேல்மாடியோ இடம் தந்தது.

கடனும் சட்டமும்

வரலாறு எழுதுவோன் தன் இனத்தாரைப் புகழ்வதோடு நின்றுவிடலாகாது. வங்கிகள் சிறு விவசாயிக்கும் சிறு கடைக்காரனுக்கும் கதவைத் திறவாத காலத்தில் கிட்டங்கி கடன் கொடுத்தது. சீனச் சுரங்கக்காரர், மலாய்க் காணிக்காரர், அரசாங்க எழுத்தர் ஆகிய பலரும் அதனை நாடினர். ஆனால் நிலத்தை ஈடாகப் பெற்ற கடன், விலை சரிந்த காலத்தில் நிலத்தையே விழுங்கியது. 1930ஐ ஒட்டிய மந்தத்தில் கடனாளிகள் பலர் காணியை இழந்தனர். செட்டியார்க்கும் அதனால் மகிழ்ச்சியில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், கைக்கு வந்ததோ விலையற்ற நிலம். கடனாளியின் பார்வையிலோ அது கொடுமையே.

மலாய் ஒதுக்கீட்டு நிலத்தைப் பற்றி 1913இல் இயற்றப்பட்ட சட்டம் 1933இல் திருத்தி வலுப்படுத்தப்பட்டது. அத்தகைய நிலத்தை மலாய்க்காரரல்லாதார் ஈடாகப் பெறுவதற்கும் வழியின்றிப் போயிற்று. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் பழைய கடன்கள் மதிப்பற்ற தாளில் திருப்பித் தரப்பட்டன. அதனால் எழுந்த வழக்குகளைத் தீர்க்க 1948இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம் தொழிலை மேலும் கட்டுக்குள் கொணர்ந்தது. வங்கிகள் பெருகின. கிட்டங்கியின் கூடங்கள் மெல்ல வெறிச்சோடின. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலிருந்த கிட்டங்கிகள் 1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்பிற்காக இடிக்கப்பட்டன.

வாடகைச் சட்டமும் அதன் பின்னும்

போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டபோது, வாடகைக் கட்டுப்பாடு நடைமுறைப்படுத்தப்பட்டது. மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1948 சனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்துவதும் குடியிருப்போரை வெளியேற்றுவதும் கட்டுப்படுத்தப்பட்டன. இதனால் விளைந்தவை இரண்டு. குறைந்த வாடகையில் தையற்காரரும் சலவைக்காரரும் பத்தரும் தலைமுறை தலைமுறையாக நடுத்தெருவிலேயே தொழில் நடத்தினர், இது நன்மை. வருவாய் இல்லாத உடைமையாளர் கூரையில் ஓடு மாற்றவும் மறுத்தனர்; இது தீமை. பழைய கடைவீடு இடிபடாமல் தப்பியதும், நோயுற்று நின்றதும் ஒரே சட்டத்தால்தான்.

1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1999 திசம்பர் இறுதி வரை தவணை தரப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை உயர்ந்தது. பழைய குடியினர் பலர் வெளியேறினர். 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. 2008 சூலையில் சார்ச்சு டவுனும் மலாக்காவும் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம் பெற்றன. சிங்கப்பூரில் 1989 முதல் சிராங்கூன் சாலைப் பகுதி முதலியன காப்புப் பகுதிகளாயின. இவை போற்றத்தக்கவையே. எனினும் இக்காப்பு பெருநகரங்களின் புகழ்பெற்ற தெருக்களுக்குக் கிடைத்த அளவு சிறு பட்டணத்து வரிசைகளுக்குக் கிடைக்கவில்லை. பயணிகளும் பெருமுதலும் வாராத ஊரில் ஓர் ஓடு விழுந்தால் மழை உள்ளே வரும். மழை வந்தால் உத்தரம் இறும். உத்தரம் இற்றால் பொதுச்சுவர் வழியே அண்டை வீடும் ஆட்டங்காணும். பேராக் கரையோரப் பட்டணங்கள் சிலவற்றில் மாடிச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சிறு துளைகள் மட்டும் விட்டு, ஒலிபெருக்கியால் குரல் கொடுத்து உழவாரக் குருவிகளை அழைக்கின்றனர். உண்ணத்தக்க அவற்றின் கூடு நல்ல விலை பெறுகிறது. மனிதர் குடியிருந்த மாடி பறவைக்கு விடப்பட்டது. கட்டடத்திற்கோ ஈரமும் எச்சமும் மிஞ்சின.

ஆசிரியர் செய்யக்கூடியது

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் வந்ததால், தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணத்தை ஒட்டிக் குடியேறிவிட்டன. லயங்கள் இடிந்தன, தோட்டப் பள்ளிகள் பலவும் இடம் பெயர்ந்தன. இந்நிலையில் நம் மாணவருக்குத் தோட்டத்து வரலாறு மட்டும் போதாது. அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் கடைத்தெருவும் அவர்களுக்குரிய வரலாறே என்பதைக் காட்ட வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு வகுப்பை அஞ்சடிக்கு அழைத்துச் சென்று அதன் அகலத்தை அளக்கச் செய்யலாம். முகப்பில் உள்ள ஆண்டுகளைத் தொகுத்து, ரப்பர் விலை ஏறி இறங்கிய ஆண்டுகளோடு பொருத்தி அட்டவணை வரையலாம். உதிர்ந்த பூச்சைக் கொண்டு சுண்ணாம்பையும் சிமெண்டையும் வேறுபடுத்தக் கற்பிக்கலாம். கடையில் முன்னர் யார் யார் இருந்தனர் என்பதை அங்குள்ள முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யலாம். கணக்கும் அறிவியலும் வரலாறும் மொழியும் இவ்வொரு பாடத்தில் ஒருங்கே அமையும்.

இன்னொன்று இவற்றினும் அவசரமானது. பழைய கடைகள் கைமாறும்போது பேரேடுகளும் சிட்டைகளும் விலாசப் பலகைகளும் குப்பையாக வெளியேறுகின்றன. அவற்றை எழுதியவர் கையெழுத்தைப் படித்தறிய வல்லார் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். கட்டடத்தைக் காப்பது நகராண்மைக் கழகத்தின் கையிலும் உடைமையாளர் கையிலும் உள்ளது. தமிழில் எழுதிய ஒரு பேரேட்டைக் குப்பைவண்டியிலிருந்து காப்பது தமிழாசிரியர் கையில் உள்ளது. அத்தகைய ஏடு கண்ணிற் பட்டால் கேட்டு வாங்கி, ஈரம் படாத இடத்தில் வைத்து, பல்கலைக்கழக நூலகத்திற்கோ அருங்காட்சியகத்திற்கோ தெரிவிப்போமாக. இந்நாட்டின் பட்டணங்களை ஆக்கியதில் தமிழருக்கும் பங்குண்டு என்று மேடையில் முழங்குவதினும், அதற்குரிய ஏட்டை எடுத்துக் காட்டுவதே வலிமை மிக்கது.